சாம்பல் நாரை பட்டத்தை இழந்த விதம்

என் மனைவி எலொயீசா குவவுத்லே 1971 பிப்ரவரி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தாள். அதற்குப் பிறகு மாநிலத்தின் பெண்கள் மல்யுத்தப் பட்டத்தை ஆறு முறை தக்கவைத்துக்கொண்டாள். அன்று காலை அவள் பப்பாளித் துண்டுகளின்மேல் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இவன்கிட்ட இனி வாங்காத கிழவா, வெறும் தண்ணி," என்றாள். அடுத்த வாரம் வேறு கடையில் வாங்குவதாகச் சொன்னேன். "எங்க வாங்குவ? அவன் பொண்டாட்டி சிரிச்சுப் பேசுவா, நேரா அங்கதான் போய் நிப்ப," என்றாள். அடுப்பில் மொச்சை பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து மூன்று அடி நடந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டதாக மருத்துவர் பிறகு சொன்னார். நான் அவளைப் புரட்டி மடியில் எடுப்பதற்குள் மொச்சை அடிபிடித்துவிட்டது. அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

அந்தப் பட்டத்தின் வரலாறு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைநகரத்தில் பெண்கள் மல்யுத்த மேடையில் ஏறக் கூடாது என்று தடை வந்த பிறகு, அங்கிருந்த பெண்கள் வெளியூர்ப் பேருந்துகளில் ஏறினார்கள். மேடை கிடைத்த ஊரில் இறங்கினார்கள். எரிமலை அடிவாரத்தில் இருந்த எங்கள் சான் ஹசிந்தோவில், நூலாலையை ஒட்டினாற்போல் நெசவாளர் சங்கக் கொட்டகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே போட்டி நடக்கும். ஆலையிலிருந்து ஜன்னல் வழியாகப் பஞ்சுத்தூசி வந்துகொண்டே இருக்கும். மேடையின்மேல் விளக்கு வெளிச்சத்தில் அது மிதக்கும், யாரும் அதைக் கவனிப்பதில்லை. 1955இல் சங்கத்தார் பெண்களுக்கென்று ஒரு பட்டம் ஏற்படுத்தினார்கள். தறியை ஓட்டும் தோல்வாரில் ஒரு துண்டை வெட்டி இடுப்புப் பட்டை செய்தார்கள். பழைய இயந்திரத்தின் பெயர்த்தகட்டை அராவி, மழுக்கி, அதன் நடுவில் பதித்தார்கள். வெயில் காலத்தில் அதிலிருந்து இயந்திர எண்ணெய் வாசம் வரும்.

முதலில் அதை வென்றவள் தோமிங்கா என்ற தறிக்காரி. இரண்டு தோள்களும் மேடைமேல் விரித்த கித்தானில் பட, நடுவர் மூன்று எண்ணினால் அந்தச் சுற்றில் தோல்வி, மூன்றில் இரண்டு சுற்று வென்றவருக்கே பட்டம் என்பது விதி. தோமிங்கா அந்த விதியை மேடையோடு விட்டுவிடவில்லை. பட்டம் இடுப்பில் இருந்த மூன்றே முக்கால் வருடமும் அவள் எங்கேயும் மல்லாந்து படுக்கவில்லை; நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள், உட்கார்ந்தபடியே ஒரு குழந்தையையும் பெற்றாள். கடைசியில் தோற்றபோது, மூன்று எண்ணி முடித்த அதே இடத்தில் கண்ணயர்ந்தாள். பதினொரு நாள் எழவில்லை. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளை அவளைச் சுற்றியே நடத்தினார்கள். யாரும் அவளை மிதிக்கவில்லை. அவளை வென்ற ஒத்தீலியா, ஐந்து மாதக் கர்ப்பத்தோடு ஒருமுறை பட்டத்தைக் காத்தாள். எதிராளியை அவள் அமுக்கிப் பிடித்திருந்தபோது, அவள் வயிற்றுக்குள்ளிருந்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணும் குரல் மூன்றாம் வரிசைவரை கேட்டது. உரிமச் சீட்டு இல்லாத ஆள் எண்ணியது செல்லாது என்று நடுவர் மறுபடியும் எண்ணினார். அந்தப் பையன் இப்போது புவெப்லாவில் வங்கிக் காசாளராக இருக்கிறான்.

ஒத்தீலியாவிடமிருந்து 1963இல் பட்டத்தை வாங்கியவள் சாம்பல் நாரை. அவள் முகமூடி போட்டவள். எங்களிடையே முகமூடி என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. மேடையில் பந்தயம் கட்டித் தோற்றால் ஒழிய அது கழலாது; கழன்றால் பெயரையும் ஊரையும் ஊரறியச் சொல்லிவிட வேண்டும். எலொயீசாதான் நாரை என்பது சான் ஹசிந்தோவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரியாதவர்களாகவே இருந்தார்கள். சந்தையில் மிளகாய்க்காரி அவளிடமே, "போன ஞாயித்துக்கிழம நாரை ஆடுனத பாத்தியா? கால் கொஞ்சம் தடுமாறுச்சே," என்பாள். "எங்க, எனக்கு வீட்டு வேலையே சரியா இருக்கு," என்று எலொயீசா சொல்வாள். பிறகு வீட்டுக்கு வந்து, கால் தடுமாறியதா என்று என்னைக் கேட்பாள். கொட்டகையில் மணியடிக்கும் வேலை எனக்கு. எனக்கும் நாரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல் மேடையோரத்தில் உட்கார்ந்திருப்பேன். மேடையேறும்போதும் இறங்கும்போதும் அவள் என் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். எட்டு வருடம் நாங்கள் கொட்டகையில் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அவள் இறந்ததும் மல்யுத்த வாரியத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. மருத்துவர் கொடுத்த சான்றிதழில் எலொயீசா குவவுத்லே இறந்ததாக இருந்தது. பட்டம் வைத்திருந்தது சாம்பல் நாரை. இரண்டு பேரும் ஒருவர்தான் என்று எழுதினால் செத்தவளின் முகமூடியை வாரியமே உருவியதாக ஆகிவிடும். செயலாளர் தோன் இலாரியோ அந்தப் பாவத்தைச் செய்யத் தயாராக இல்லை. அதனால் பட்டம் காலியானதாக அறிவிக்க ஒரே வழிதான் இருந்தது: மேடையில் விழுந்தவர் எழாவிட்டால் பத்து எண்ணுவதுபோல, இறந்த வீரருக்காகக் கொட்டகையில் பத்து முறை மணியடிப்பது எங்கள் வழக்கம். பத்தாவது அடியோடு அவர் பெயர் நீங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நான் அடித்தேன். ஒவ்வொரு அடியையும் ஓயவிட்டு அடுத்ததை அடித்தேன். ஒன்பது வரைக்கும் அடித்தேன். பத்தாவதற்குக் கை எழவில்லை. அழுகிறவனிடமிருந்து சுத்தியைப் பிடுங்கி இன்னொருவர் அடிப்பது மரியாதை இல்லை என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டத்தை வைத்திருப்பவர் மேடையேற வேண்டும். ஆகஸ்டில் கெடு வந்தது. பெயர் நீங்காததால் சுவரொட்டியில் அவள் பெயரையே போட்டார்கள். சொலூலாவிலிருந்து ஒரு பெண் எதிராளியாக வந்தாள். காலி மேடையில் ஏறிக் கையைத் தூக்கிவிட்டு, பட்டையோடு எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்கலாம் என்று நினைத்திருந்தாள். முந்தின நாள் எடை பார்க்கும்போது, ஆளில்லாத தராசின் முள் அறுபத்து நான்கு கிலோவில் போய் நின்றது. தோன் இலாரியோ குறித்துக்கொண்டார். உயிரோடிருந்தபோது அவள் அறுபத்தாறு. இளைத்திருந்தாள். மறுநாள் ஐந்து மணிக்கு என் மேஜை இரண்டு முறை தட்டப்பட்டது. மேல்கயிறு தாழ்ந்து நிமிர்ந்தது. மேடையின் மூலையில், ஆள் நிற்கும் அளவுக்குக் கித்தான் குழிந்தது. சொலூலாப் பெண் ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தாள். அன்று முதல் பஞ்சுத்தூசிக்கு ஒரு வேலை வந்தது: வேர்வை கூடக் கூட அது அவள்மேல் ஒட்டிக்கொள்ளும், மூன்றாவது சுற்றில் தோள் எது கால் எது என்று கடைசி வரிசைக்காரருக்கும் தெரியும். நடுவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

ஊர் இதைப் பழகிக்கொள்ள இரண்டு போட்டிகள் போதுமாக இருந்தன. பாதிரியார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, சர்ச்சில் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை முன்வரிசையில் இடம் கேட்டார். எனக்கு வருடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. அதற்காகச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். இரண்டு தட்டு, பிறகு முப்பது நிமிடம் போல, பிறகு இரண்டு தட்டு. இது போதாது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

போதாமல் இருந்தது பெத்ராவுக்கு. பெத்ரா ஷிகாலே ஆலையில் நூல் சுற்றுகிறவள். மேடையில் முரட்டு ஆட்டம் ஆடுகிறவள். கடிப்பாள், முடியைப் பிடிப்பாள், நடுவரின் காலை மிதிப்பாள். சனங்கள் அவள்மேல் காலி நூல்கட்டைகளை வீசுவார்கள். அவள் அவற்றைப் பொறுக்கித் திங்கட்கிழமை ஆலையில் கொடுத்துவிடுவாள். எலொயீசா உயிரோடிருந்தபோது பெத்ரா அவளிடம் நான்கு முறை தோற்றிருந்தாள். இறந்த பிறகு இரண்டு முறை. பட்டத்துக்காக அவள் இரண்டு கல்யாணங்களைத் தள்ளிவிட்டதாகச் சொல்வார்கள். ஒன்றைத்தான் தள்ளினாள், இன்னொன்று அதுவாகவே போயிற்று. 1974இல் அவளுக்கு நாற்பத்தொரு வயது. வலது முட்டி மாடிப்படியிலேயே மடங்க ஆரம்பித்திருந்தது. அடுத்த பிப்ரவரிவரை அது தாங்காது என்று எலும்பு வைத்தியர் சொல்லிவிட்டார். வெளியூர்ப் பெண்களோ நாரையோடு ஆட மாட்டோம் என்று ஒவ்வொருவராக எழுதிப்போட்டுவிட்டார்கள். பட்டியலில் மிஞ்சியது பெத்ரா மட்டும்.

ஆகஸ்டுப் போட்டிக்கு நான்கு நாள் முன்பு தோன் இலாரியோ என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எலிசேயோ, உன்னக் குத்தம் சொல்ல வரல. ஆனா பத்து அடிக்கணும், நீ ஒன்பது அடிச்சிருக்க."

"கை எழலைங்கய்யா."

"மூணரை வருஷமாவா?"

காபியை ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினேன். போட்டிக்கு முன்னால் பத்தாவது அடியை அடித்துவிட வேண்டும் என்றும், பட்டம் காலியாகிப் பட்டியலில் இருக்கும் ஒரே ஆளான பெத்ராவுக்குப் போய்விடும் என்றும் அவர் விளக்கினார். பெத்ராவின் முட்டியை நினைத்துப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோது அது இன்னொருவர் குரல்போல் இருந்தது. தெருவில் யார் சொன்னார்களோ, தோன் இலாரியோ காபியைக் குடித்து முடிப்பதற்குள் பெத்ரா நொண்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

"யாரக் கேட்டு மணியடிக்கப் போறீங்க?"

"உனக்காகத்தாம்மா பெத்ரா. உன் முட்டி..."

"என் முட்டி என்கிட்டயே இருக்கட்டும். நீங்க உங்க பேனாவப் பாருங்கய்யா. மணியடிச்சுக் கட்டிவிட்ட பட்டைய நான் எங்க போட்டுக்குறது? செத்தவ இடுப்புலருந்து உருவிட்டான்னு ஆலைல நாக்கப் பிடுங்குற மாதிரி கேப்பாளுங்க. அவள மல்லாத்திட்டு வாங்குறேன். இல்லன்னா வேணாம்."

"ஆறு தடவ தோத்திருக்கியே."

"எண்ணத் தெரியும். எண்ணத் தெரியாதவரு இதோ உக்காந்திருக்காரு," என்று என்னைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, உனக்கு அவள விட மனசில்ல. எனக்கு அவகிட்டத் தோத்துட்டுப் போக மனசில்ல. ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் வருவோம். நடக்குறது நடக்கட்டும்."

கடைசியில் தோன் இலாரியோ ஒரு வழி சொன்னார். போட்டி நடக்கட்டும், பெத்ரா வென்றால் சரி, தோற்றால் அந்த இடத்திலேயே பத்தாவது அடி. பெத்ரா ஒப்புக்கொண்டாள். எப்படியானாலும் அது கடைசி ஞாயிறு என்பது எனக்குப் புரிந்தது. எலொயீசா தோற்றுப் போவாளா, எண்ணி அனுப்பப்படுவாளா என்பது மட்டும்தான் மிச்சம். எண்ணினால், எண்ணுகிற கை என்னுடையது.

அந்த ஞாயிறு கொட்டகையில் உத்தரத்தின்மேல்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் இரண்டு தட்டு விழுந்தது. நான் தொடக்க மணியை அடித்தேன். முதல் சுற்று நான்கு நிமிடம் ஓடவில்லை. பெத்ராவைக் கயிற்றில் வீசி, திரும்பி வரும்போது கழுத்தோடு வாரி, அழுத்திவிட்டாள் நாரை. "ஏய் பெத்ரா, காத்துகிட்டயா அடி வாங்குற?" என்று மேலிருந்து ஒருவன் கத்தினான். "காத்துதானடா? உங்கம்மாவ அனுப்பு, ரெண்டு வாங்கிட்டுப் போகட்டும்!" என்று பெத்ரா படுத்தவாறே பதில் கொடுத்தாள். நூல்கட்டைகள் பறந்தன. இரண்டாவது சுற்றில் அவள் ஒரு கட்டையை எடுத்து, நடுவர் பார்க்காதபோது, கித்தான் குழிந்திருந்த இடத்துக்கு மேலே விலா இருக்கக்கூடிய உயரத்தில் குத்தினாள். சரியாகத்தான் கணித்திருந்தாள். காற்று வெளியேறும் சத்தம் எனக்குக் கேட்டது. பதினான்கு வருடம் பக்கத்தில் படுத்தவனுக்கு அந்த மூச்சு தெரியாமல் இருக்காது. அந்தச் சுற்று பெத்ராவுக்கு.

மூன்றாவது சுற்றில் பஞ்சுத்தூசி நன்றாக ஒட்டியிருந்தது. வெள்ளையாய் ஒரு தோள், ஒரு முழங்கை, முகமூடியின் விளிம்பு. இரண்டு பேரும் என் மேஜைக்கு நேர் மேலே, கயிற்றோரத்தில் பின்னிக்கிடந்தார்கள். பெத்ரா வாயை அந்த வெள்ளைத் தலையின் பக்கம் கொண்டுபோய் மெல்லச் சொன்னதை நான் மட்டும்தான் கேட்டேன்.

"விட்டுக்குடுத்தா கொன்னுடுவேன் அக்கா."

எலொயீசா விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த நொடியே பெத்ராவின் வலது முட்டியைப் பிடித்து முறுக்கினாள். கொட்டகை முழுவதும் ஐயோ என்றது. பெத்ரா வலியில் அலறினாள். அலறலுக்கு நடுவில் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சரணடைகிறாயா என்று நடுவர் கேட்டதற்கு, ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். கைகளால் தவழ்ந்து கயிற்றைப் பிடித்து விடுவித்துக்கொண்டாள். ஒற்றைக் காலில் எழுந்தாள். நாரை ஓடிவரும் தடம் கித்தானில் குழி குழியாகத் தெரிந்தது. பெத்ரா நகரவில்லை. கடைசிக் குழி விழுந்த நேரத்தில் நல்ல காலின்மேல் உட்கார்ந்து, வந்த உடம்பைத் தோளின்மேல் வாங்கி உருட்டி, இரண்டு தொடைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்தாள்.

ஒன்று என்று நடுவர் கித்தானைத் தட்டினார். இரண்டு என்றபோது இடது தோள் கித்தானிலிருந்து எழும்பியது. ஒரு விரல் உயரம் இருக்கும். கழுத்தில் நரம்பு புடைக்கும் இடத்தில் தூசி நடுங்கியது. அவள் மனதார முயன்றாள் என்பதற்கு நான் சாட்சி. பிறகு பலர் சந்தேகப்பட்டார்கள், செத்தவள் இரக்கப்பட்டுவிட்டாள் என்று கடைத்தெருவில் பேசினார்கள். அந்தத் தோளை எனக்குத் தெரியும். அது இரக்கப்பட்ட தோள் அல்ல. பெத்ரா பல்லைக் கடித்து இன்னும் ஒரு பங்கு எடையை எங்கிருந்தோ கொண்டுவந்து போட்டாள். தோள் இறங்கியது. மூன்று.

நான் மணியடித்தேன். தோற்றவர்தான் வென்றவரின் இடுப்பில் பட்டையைக் கட்டிவிட வேண்டும் என்பது தோமிங்கா பதினொரு நாள் தூங்கி எழுந்ததும் தொடங்கிவைத்த வழக்கம். எதிரிகளாகப் பிரிந்தாலும் அதுவரை யாரும் மீறியதில்லை. பட்டை என் மேஜையிலிருந்து எழுந்தது. கயிறுகளுக்கு இடையில் போனது. பெத்ராவைச் சுற்றி வந்து, முதுகுப் பக்கம் கொக்கி இழுபட்டது. "மூச்சு முட்டுதுக்கா, ஒரு ஓட்ட தளத்து," என்றாள் பெத்ரா. கொக்கி ஒரு துளை தளர்ந்தது. அப்போதுதான் பெத்ரா அழுதாள், சனங்களும் அப்போதுதான் எழுந்து நின்றார்கள். கயிறு தாழ்ந்து நிமிர்ந்தது. என் மேஜையில் இரண்டு தட்டு விழுந்தது. நான் கையை மேஜையின்மேல் விரித்து வைத்தேன். மூன்றாவதாக ஒன்று, என் புறங்கையின்மேல், விழுந்தது. பிறகு நடைபாதையில் மிதந்த தூசி மெதுவாக இறங்கித் தரையில் படிந்தது.

தோன் இலாரியோ அன்றே பதிவேட்டில் எழுதினார்: சாம்பல் நாரை, பதினோரு வருடம், பட்டம் கைமாறிய காரணம் தோல்வி. மேடையில் தோற்றவர்களுக்கு மணி எண்ணுவது வழக்கமில்லை என்பதால் பத்தாவது அடியைப் பற்றி வாரியத்தில் பிறகு யாரும் பேசவில்லை. அடுத்த பிப்ரவரியில் தராசின் முள் அசையவில்லை. எனக்கும் சட்டைக்கு இஸ்திரி போடும் வேலை குறைந்தது. பெத்ரா எலும்பு வைத்தியரைப் பொய்யாக்கி, முட்டியில் தறிக்கயிற்றைச் சுற்றிக்கொண்டு, இன்னும் மூன்று முறை பட்டத்தைக் காத்தாள். பிறகு அது வேறு பெண்களிடம் போயிற்று. வெகுகாலம் கழித்துத் தலைநகரத்திலும் தடையை எடுத்தார்கள். ஆலை மூடப்பட்டு, கொட்டகை மட்டும் நின்றது.

பெத்ரா முதல்முறை பட்டத்தைக் காத்த அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தக் கொட்டகையில் பெண்களுக்கு உடைமாற்றும் அறை கிடையாது. சோடாப் பெட்டிகள் அடுக்கும் அறையில்தான் மாற்றிக்கொள்வார்கள். அதன் கதவுக்குக் கொண்டி இல்லை, எப்போதோ உடைந்தது. ஒருத்தி மாற்றும்போது இன்னொருத்தி உள்ளேயிருந்து கதவில் கால் கொடுத்து நிற்பாள். அன்று எதிராளியின் பேருந்து இன்னும் வந்து சேரவில்லை. பட்டையைக் கொடுப்பதற்காக நான் போய்க் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. தோளால் தள்ளினேன். அந்தப் பக்கம் யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

"யாரது?" என்றாள் பெத்ரா. குரல் அறையின் கோடியிலிருந்து வந்தது.

"நான்தான், எலிசேயோ."

"இரு அண்ணே, இன்னும் முடிக்கல."

கொஞ்ச நேரம் நின்றேன். துணி சரசரக்கும் சத்தம், காலணி நாடா இழுபடும் சத்தம். பிறகு பெத்ரா, என்னிடம் அல்ல, "ஆச்சு, விடு," என்று சொன்னாள். கதவு தானாகவே உள்பக்கம் திறந்துகொண்டது. பெத்ரா அந்தக் கோடியில், ஜன்னலடியில், சோடாப் பெட்டிமேல் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கொண்டியைச் சரிசெய்யச் சங்கத்தார் அதன் பிறகு மூன்று முறை தீர்மானம் போட்டார்கள். இன்றுவரை சரிசெய்யவில்லை.